பாரம் இறங்கும் துறைமுகம்





திருவனந்தபுரம் நகரத்திலிருந்து தெற்கு நோக்கிக் கோவளம் வழியாகச் சென்றால், சற்று நேரத்தில் விழிஞ்ஞம் என்னும் கடற்கரை ஊரை அடையலாம். நம்மில் சிலர் விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போயிருப்பீர்கள். மீன்பிடித் துறையில் கட்டுமரங்களும் வள்ளங்களும் நெருக்கமாய் நிற்கும். மீன் கூடைகளோடு பெண்கள் ஏலத்துக்காகக் காத்திருப்பார்கள். ஆலயமும் பள்ளிவாசலும் அந்தக் கடலைப் பார்த்தபடியே நிற்கின்றன. சற்றுத் தெற்கே திரும்பிப் பார்த்தால், வானளாவிய கிரேன்கள் வரிசையாய் நிற்கும் புதிய சர்வதேசத் துறைமுகம் தெரியும்.

பழைய துறை, புதிய துறை ஆகிய இவ்விரண்டையும் ஒருசேரப் பார்க்கிறவருக்கு, நம் வாழ்க்கையைக் குறித்து ஒரு பாடம் அங்கே திறந்துவைக்கப்பட்டிருக்கிறது. உழைத்துக் களைத்து, உறக்கமும் கெட்டு, "இன்னும் எத்தனை நாள் இப்படி?" என்று இருதயத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரனே, சகோதரியே, இந்த மாதம் உங்களோடு அதைக் குறித்தே பேச விரும்புகிறேன்.

உறக்கம் அறியாத துறை

விழிஞ்ஞத்தின் கடலுக்காக மனிதர் இன்று நேற்றல்ல, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே போராடி வந்திருக்கிறார்கள். ஆய் மன்னர்களுக்கு இது முக்கியமான துறைமுகமாக இருந்தது. பாண்டியர் இதன்மேல் படையெடுத்து வந்தார்கள். பின்பு சோழரும் வந்தார்கள். அந்த அரசர்கள் யாவரும் மறைந்துபோனார்கள். கடல் மாத்திரம் அப்படியே இருக்கிறது.

நம் நாட்களில் அந்தப் போட்டி வேறு உருவம் எடுத்தது. கரைக்கு அருகிலேயே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கையான ஆழம் உள்ள கடல் இது. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் சர்வதேசக் கப்பல் பாதையோ ஏறக்குறைய 10 கடல் மைல் தூரத்திலேயே செல்லுகிறது. ஆகவே 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கே பெருந்துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. ஆயிரம் நாட்களில் முடிந்துவிடும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஆனால் முதல் கப்பல் வந்து சேர்ந்தது 2023-ஆம் ஆண்டு அக்டோபரில்தான். மனிதன் ஆயிரம் நாட்கள் என்று கணக்குப் போட்டான். கரையில் முதல் கப்பல் அணைய ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின.

2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி பிரதமர் இத்துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே, ஜூன் 9-ஆம் தேதி, எம்.எஸ்.சி. ஐரினா என்னும் கப்பல் இங்கே வந்து அணைந்தது. அதன் நீளம் ஏறக்குறைய 400 மீட்டர். நான்கு கால்பந்து மைதானங்களை வரிசையாய் வைத்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு! இருபதடி அளவுள்ள கன்டெய்னர்களாகக் கணக்கிட்டால் 24,346 பெட்டிகளை அது சுமக்க வல்லது. இவ்வளவு பெரிய சுமையைச் சுமந்துவரும் கப்பல்கூட அங்கே தங்கி இளைப்பாற முடியாது. கப்பல் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் செலவு உண்டு. அதனால் இரவும் பகலும் வேலை நடக்கிறது. வேலை முடிந்ததும் கப்பல் நங்கூரம் தூக்கிவிடுகிறது.

நகரத்துக்குக் குடிவந்த நம்முடைய வாழ்க்கையும் இப்படித்தானே இருக்கிறது?

மாற்றி ஏற்றப்படும் பாரம்

இத்துறைமுகத்தின் பிரதான வேலையை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். இதை டிரான்ஷிப்மென்ட் துறைமுகம் என்கிறார்கள். பெரிய கப்பலில் வரும் கன்டெய்னர்கள் இங்கே இறக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பான்மையானவை ஊருக்குள் போவதில்லை. சிறிது காலம் துறைமுக முற்றத்தில் அடுக்கி வைக்கப்பட்டு, மறுபடியும் வேறொரு கப்பலில் ஏற்றப்படுகின்றன. முன்னே இந்தியாவின் சரக்குகள் பல கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இப்படி மாற்றி ஏற்றப்பட்டன. இப்பொழுது அந்த வேலை இங்கேயும் நடக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு, "பாரம் இறங்கிவிட்டது" என்று தோன்றும். உண்மையில் அது இறங்கவில்லை. கப்பல் மாறியிருக்கிறது, அவ்வளவே.

பிரியமானவர்களே, உலகம் நமக்குத் தருகிற ஓய்வும் இத்தகையதே. அலுவலகத்தில் ஏறிய பாரத்தை வீட்டில் கோபமாக இறக்குகிறோம். அது மனைவியின்மேலும் பிள்ளைகளின்மேலும் ஏறிக்கொள்ளுகிறது. வீட்டின் கவலையை மறக்கக் கைப்பேசியைத் திறக்கிறோம். நள்ளிரவு மட்டும் பிறருடைய புது வீட்டையும் புது வாகனத்தையும் பார்த்துவிட்டு, "நமக்கு எப்போது?" என்ற புதிய பாரத்தோடு படுக்கிறோம். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குகிறோம். களைப்பை மறக்க மதுவிடம் போன சகோதரர்கள், களைப்போடு அவமானத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு திரும்பினார்கள். ஊருக்குப் போனால் மனம் ஆறும் என்று நினைத்துப் போகிறோம். அங்கே, "இத்தனை வருஷம் பட்டணத்தில் இருந்து என்ன சம்பாதித்தாய்?" என்ற ஒரு கேள்வியே அந்த ஆறுதலைப் பறித்துவிடுகிறது.

இவை எல்லாவற்றிலும் பாரம் இறங்கவேயில்லை. மாற்றி ஏற்றப்பட்டது, அவ்வளவுதான். அதனாலேயே ஞாயிறு கழிந்து திங்கள் வரும்போது பழைய களைப்பு சற்றும் குறையாமல் வாசலில் நிற்கிறது.

கப்பல்களை உடைய ராஜா

"இன்னும் கொஞ்சம் கிடைத்துவிட்டால் நிம்மதியாய் இருந்துவிடலாம்" என்று நாம் எண்ணுகிறோம். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. வேதத்திலே, இதை முழுமையாகச் சோதித்துப் பார்த்த ஒரு ராஜா இருக்கிறார். அவர் சாலொமோன்.

அவருக்கும் துறைமுகம் இருந்தது. எசியோன்கேபேரிலே அவர் கப்பல்களைக் கட்டினார். அவருடைய ஆட்கள் ஓப்பீருக்குப் போய் 420 தாலந்து பொன் கொண்டுவந்தார்கள் (1 இராஜாக்கள் 9:26-28). மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அவருடைய கப்பல்கள் பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றோடு திரும்பின (1 இராஜாக்கள் 10:22). அந்த வசனத்தில் மயிலைக் குறிக்கும் எபிரெயச் சொல், தமிழின் "தோகை" என்னும் சொல்லோடு தொடர்புடையது என்று கால்டுவெல் ஐயர் முதலானோர் கருதினார்கள். அப்படியானால், நம்முடைய தென்கடற்கரையின் செல்வத்திலும் அந்த ராஜா பங்கு பெற்றிருக்கக் கூடும்.

இத்தனை கப்பல்கள் வந்தும் அவருக்கு இளைப்பாறுதல் வந்ததா? பிரசங்கி 2-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வீடுகள் கட்டினேன், தோட்டங்கள் வைத்தேன், பொன்னைச் சேர்த்தேன் என்று அடுக்கிக்கொண்டே போகிறவர், முடிவிலே எல்லாம் காற்றைப் பிடிக்க முயன்றதுபோல் ஆயிற்று என்று பெருமூச்சு விடுகிறார். உழைக்கிற ஏழை நன்றாய் உறங்குகிறான், ஐசுவரியவானையோ அவனுடைய செல்வமே உறங்கவிடாது என்றும் அவர் கண்டுகொண்டார் (பிரசங்கி 5:12). இரண்டு கைகளும் நிறைய வருத்தத்தோடு சேர்ப்பதைப் பார்க்கிலும், ஒரு கைப்பிடி அமைதியோடு இருப்பது மேல் என்ற தீர்மானத்துக்கு வந்தார் (பிரசங்கி 4:6).

கவனியுங்கள். இதைச் சொன்னவர் ஒன்றும் கிடைக்காமல் போன மனுஷர் அல்ல, எல்லாம் கிடைத்தவர். "அந்தப் பழம் புளிக்கும்" என்று சொல்லும் நரியின் பேச்சு இது அல்ல. பழத்தைத் தின்று பார்த்தவர் தரும் சாட்சி இது.

பட்டணத்துக்கு வந்த ஒரு வாலிபன்

இன்னுமொரு சாட்சியைக் கேளுங்கள். நம்மைப்போலவே சிற்றூரிலிருந்து பெருநகரத்துக்குக் குடியேறிய ஒருவருடைய சாட்சி இது. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்னும் சிற்றூரில் கி.பி. 354-இல் அகஸ்டின் பிறந்தார். படிப்புக்காகக் கார்த்தேஜ் நகரம் போனார். பின்பு நல்ல வேலையை நாடி ரோமாபுரிக்கும், 384-இல் மிலான் நகரத்துக்கும் போனார். பேரரசர் தங்கியிருந்த அந்நகரத்திலே பேச்சுக்கலை ஆசிரியர் என்னும் உயர்ந்த பதவி அவருக்குக் கிடைத்தது. அவருடைய தாய் மோனிக்காள் மகனுக்காகக் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டு, கடல் கடந்து அவரைத் தேடி வந்தாள்.

ஒருநாள் பேரரசரைப் புகழ்ந்து ஒரு சொற்பொழிவு ஆற்றும் பொறுப்பு அவருக்கு வந்தது. மனம் முழுவதும் பதற்றம். தாம் சொல்லப்போவதில் பல பொய்கள் உண்டு என்பதும், கேட்பவர்கள் அவை பொய் என்று அறிந்தே கைதட்டுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படிப் போகும் வழியிலே, மிலான் நகரத் தெருவில் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரனைக் கண்டார். அவர் மனம் உடைந்தது. பிச்சை எடுத்த சில காசுகளால் இவன் அடைந்த மகிழ்ச்சியைக்கூட, இத்தனை படிப்பும் பதவியும் எனக்குத் தரவில்லையே என்று உடனிருந்த நண்பர்களிடம் சொல்லி வருந்தினார். அவனுடைய மகிழ்ச்சியும் மெய்யானதல்ல. பொழுது விடியும்போது போதை தெளிந்துவிடும். ஆனால் அகஸ்டினுடைய பதற்றமோ இரவில் அவரோடே படுத்து, காலையில் அவரோடே எழுந்தது.

386-ஆம் ஆண்டிலே, ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் மூலமாய்க் கர்த்தர் அவரைச் சந்தித்தார். அவர் தம்முடைய பதவியை விட்டார். 387-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையின்போது ஞானஸ்நானம் பெற்றார். பின்னாளில் தம் வாழ்க்கையை ஒரு நீண்ட ஜெபமாகவே எழுதியபோது, மனித இருதயம் தேவனிடத்தில் வந்து சேரும்வரை அமைதி காணாது என்பதையே அதன் தொடக்கத்தில் அறிக்கையிட்டார்.

அதற்குப் பின் அவர் சும்மா உட்கார்ந்துவிட்டாரா? இல்லை. ஹிப்போ பட்டணத்தின் கண்காணியாக, 430-இல் மரிக்கும்வரை ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் ஓயாமல் உழைத்தார். முன்னே குறைவான வேலையிலும் களைத்திருந்தவர், பின்னே மிகுதியான வேலையிலும் இளைப்பாறுதலோடு இருந்தார். ஏனெனில் முன்னே தம்மைத் தாமே நிலைநாட்டிக்கொள்ளும் பாரம் அவர்மேல் இருந்தது. அது சிலுவையண்டையில் இறங்கிவிட்டது.

சுமைதாங்கியண்டை வாருங்கள்

நம்முடைய முன்னோர் நடந்த பாதைகளிலே சுமைதாங்கிக் கற்கள் நின்றன. தென் தமிழ்நாட்டிலும் பழைய திருவிதாங்கூரிலும் அவற்றை இன்றும் சில இடங்களில் காணலாம். நிமிர்ந்து நிற்கும் இரண்டு கற்கள், அவற்றின்மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடந்து வருகிறவன், பிறருடைய உதவி இல்லாமலே சுமையை அதன்மேல் நகர்த்தி வைப்பதற்கு ஏற்ற உயரத்தில் அது இருக்கும். கர்ப்பவதியாய் மரித்துப்போன பெண்ணின் நினைவாக அதை நாட்டும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. இறக்கி வைக்க முடியாமல் ஒருத்தி சுமந்துபோன பாரத்தின் நினைவாக, மற்றவர்கள் பாரம் இறக்கி வைக்கும் இடத்தை அமைத்தார்கள்!

நம்முடைய ஆண்டவர், உழைத்து ஓய்ந்தவர்களையும் சுமையின் கீழ்க் குனிந்தவர்களையும் தம்மண்டை அழைத்தார். தாமே அவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாக வாக்களித்தார் (மத்தேயு 11:28-30). "முதலில் சுமையை இறக்கிவிட்டு, சுத்தமாகி, பின்பு வா" என்று அவர் சொல்லவில்லை. சுமையோடே வரச் சொன்னார். சுமைதாங்கிக் கல் நம்முடைய தலையின் உயரத்துக்கு ஏற்றபடி அமைந்திருப்பதுபோல, தேவகுமாரனும் நம்முடைய நிலைமைக்குத் தம்மைத் தாழ்த்தி மனுஷனாக வந்தார். அவரும் தச்சுப் பட்டறையில் உழைத்தார். கிணற்றண்டையில் களைத்து உட்கார்ந்தார் (யோவான் 4:6). படகின் பின்னணியத்தில் அயர்ந்து உறங்கினார் (மாற்கு 4:38). நம்முடைய களைப்பை அவர் அறியாதவர் அல்ல.

ஆயினும் ஒரு காரியத்தை நேர்மையோடு சொல்ல வேண்டும். நம்முடைய பாரங்கள் எல்லாம் ஒரே விதமானவை அல்ல. சில பாரங்களை நாம் சிலுவையண்டையில் வைத்துவிட்டு, திரும்ப எடுக்கவே கூடாது. செய்த பாவத்தின் குற்றஉணர்வு ஒன்று. நாளைய தினத்தைக் குறித்த பயம் மற்றொன்று. அடுத்த வீட்டாரோடு நம்மை ஒப்பிட்டுப் பார்க்கும் எரிச்சல், யாருக்கோ நம்மை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி ஆகியவையும் அப்படிப்பட்டவையே. இவை நம்முடைய சுமைகளே அல்ல.

வேறு சில பாரங்களோ, ஜெபித்து எழுந்த பின்பும் அங்கேயே இருக்கும். வங்கிக் கடனின் தவணை அடுத்த மாதமும் வரும். வியாதியான தாயைத் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டியிருக்கும். பிள்ளையின் கல்விக் கட்டணம் கட்டியே ஆகவேண்டும். இவற்றை நாம் மறுபடியும் தலையில் ஏற்றுகிறோம். ஆனால் தனியாக அல்ல. ஆண்டவர் தம்முடைய நுகத்தை ஏற்றுக்கொள்ளச் சொன்னபோது, மாட்டுவண்டியையும் ஏரையும் அறிந்த நமக்கு அதன் பொருள் விளங்கும். நுகத்தடி இரண்டு மாடுகளுக்கு உரியது. பழகாத இளம் மாட்டைப் பழகிய மாட்டோடு பூட்டினால், பாதையையும் வேகத்தையும் பழகிய மாடே தீர்மானிக்கும். இளையது அதனோடு ஒத்து நடந்தால் போதும். இழுத்துக்கொண்டு முன்னே ஓடினாலும், முரண்டுபிடித்துப் பின்னே நின்றாலும் கழுத்துதான் புண்ணாகும். நம்மில் அநேகருடைய களைப்பு, வேலையினால் வந்தது அல்ல; அவருக்கு முன்னே ஓடியதனால் வந்தது.

கொந்தளிக்கும் காலத்தில் திறந்திருக்கும் துறை

மீண்டும் விழிஞ்ஞத்தின் பழைய துறைக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அப்பகுதியின் திறந்த கடற்கரைகளில் அலைகள் சுவர்போல் எழும்பும். அங்கிருந்து வள்ளங்களைத் தள்ளிக் கடலில் இறக்க முடியாது. அக்காலத்தில் சுற்றுப்புற ஊர்களின் மீனவர்கள் தங்கள் வள்ளங்களோடு விழிஞ்ஞத்துக்கு வந்து, அலைத்தடுப்புச் சுவரின் பாதுகாப்பிலிருந்து கடலுக்குப் போகிறார்கள். மற்றக் கரைகள் வெறிச்சோடும்போது விழிஞ்ஞம் நிரம்பி வழிகிறது.

தேவன் தரும் இளைப்பாறுதலும் இப்படிப்பட்டதே. அது கடலை விட்டு ஓடிப்போவது அல்ல. கொந்தளிக்கும் காலத்திலும் கடலுக்குப் போகவும், போனவர்கள் திரும்பி வரவும் ஓர் இடம் இருப்பதே அது. கடலில் தொழில் செய்து, புயலில் தள்ளாடி, கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டவர்களை அவர் அவர்கள் நாடிய துறையிலே கொண்டுவந்து சேர்த்தார் என்று 107-ஆம் சங்கீதம் சாட்சி கூறுகிறது.

"எல்லாரும் கரை சேர்ந்தார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. எச்சரிக்கை எட்டுமுன்னே கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் அதில் சிக்கினார்கள். விழிஞ்ஞம், பூந்துறை முதல் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் வரை அழுகுரல் கேட்டது. இரு மாநிலங்களிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் ஆண்மக்களை இழந்தன. பலருடைய சரீரமும் கிடைக்கவில்லை. அவர்களில் ஜெபிக்காதவர்கள் எத்தனைபேர் என்று கேட்பது பாவம். விசுவாசம் என்பது புயலுக்கு எதிரான காப்பீடு அல்ல. துக்கத்தில் இருப்பவரிடம், "உன் விசுவாசம் குறைவு" என்று சொல்லி அவருடைய பாரத்தோடு இன்னொரு பாரத்தை ஏற்றாதிருப்போமாக. அப்படிப்பட்ட வீட்டுக்கு அரிசியோடு போய், பேசாமல் அருகே உட்காருகிற சபையே அவர்களுக்குத் துறைமுகம்.

அதுபோலவே, அன்றாட அப்பத்துக்காகவும் நியாயத்துக்காகவும் போராடுகிறவர்களை உலக ஆசை பிடித்தவர்கள் என்று எளிதாய்த் தீர்க்காதிருங்கள். 2022-ஆம் ஆண்டில் விழிஞ்ஞத்தின் மீனவக் குடும்பங்கள், துறைமுகக் கட்டுமானத்தால் கடலரிப்பு மிகுந்து வீடுகள் போயின என்று கூறி, டிசம்பர் மாதம் வரை பல மாதங்கள் போராடின. அரசும் துறைமுகத்தாரும் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. யார் சொன்னது சரி என்று தீர்ப்பது இந்தப் பக்கங்களின் வேலை அல்ல. ஆனால் தலைசாய்க்க ஒரு வீடு வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். நம்மைக் களைக்கச் செய்யும் உலக நாட்டம் வேறு. அது, போதும் என்று சொல்லத் தெரியாத நாட்டம்.

கடலுக்கும் ஓய்வு உண்டு

கேரளத்தில் ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் இழுவைவலைப் படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. நாட்டு வள்ளங்களுக்கு இத்தடை இல்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காகவே இந்த ஏற்பாடு. ஓய்வில்லாமல் அள்ளிக்கொண்டே இருந்தால் கடலும் வறண்டுபோகும் என்று மனிதர் கண்டுகொண்டார்கள். இஸ்ரவேலின் நிலத்துக்கு ஏழாம் வருஷத்தில் ஓய்வு கொடுக்கும்படி தேவன் முன்னமே கட்டளையிட்டிருந்தார் (லேவியராகமம் 25). கடலுக்கும் நிலத்துக்கும் ஓய்வு வேண்டுமானால், தேவசாயலாய்ப் படைக்கப்பட்ட உங்களுக்கு வேண்டாமா?

ஆகவே இந்த மாதம் சில காரியங்களை உங்கள் வீட்டில் தொடங்குங்கள்.

முதலாவது, சரீரத்தின் ஓய்வை அற்பமாய் எண்ணாதிருங்கள். எலியா சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்திருந்தபோது, தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், போஜனம் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார், மீண்டும் போஜனம் கொடுத்தார் (1 இராஜாக்கள் 19). ஓரேபிலே மெல்லிய சத்தத்தில் அவரோடு பேசியது அதற்குப் பின்புதான். வாரக்கணக்காய் உறக்கம் இல்லாமலும், வாழவே மனமில்லாமலும் இருந்தால், ஜெபிப்பதோடு தாமதமின்றி மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல.

இரண்டாவது, ஆராதனை நாளைக் காத்துக்கொள்ளுங்கள். தென்கடற்கரையின் கிறிஸ்தவ மீனவர் ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் உண்டு. அன்றாடம் காய்ச்சிகளாய் இருந்தும், ஒருநாள் வருமானத்தைத் தேவனுக்காக விடும் தைரியம் அவர்களுக்கு இருக்கிறது. மருத்துவமனையிலும் காவல் பணியிலும் இருக்கும் சகோதரர்களுக்கு ஞாயிறு கிடைக்காமல் போகலாம். அவர்கள் வாரத்தில் வேறொரு வேளையைக் கர்த்தருக்கென்று பிரித்துவைக்கலாம். ஆனால் கூடுதல் வேலை நேரத்துக்காக ஒவ்வொரு ஞாயிறையும் விற்றுவிடாதிருங்கள்.

மூன்றாவது, உங்கள் ஓய்வு மற்றவருடைய முதுகில் ஏறாதபடி பாருங்கள். ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரனும் வேலைக்காரியும் அந்நியனும் மிருகஜீவனும்கூடச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் (உபாகமம் 5:14). ஐயா, ஆராதனை முடிந்து வந்து நீங்கள் படுத்துக்கொள்ளும்போது, உங்கள் மனைவி அடுப்படியில் நிற்கிறாளா? உங்கள் வீட்டில் வேலைசெய்யும் சகோதரிக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டா? இல்லையென்றால் உங்கள் வீட்டிலும் பாரம் இறங்கவில்லை, கப்பல் மாறியிருக்கிறது.

நான்காவது, ஊழியத்தின் பேராலும் ஓடிக்களைத்துப் போகாதிருங்கள். சாப்பிடவும் நேரமில்லாமல் ஜனங்கள் நெருக்கியபோது, ஆண்டவர் தம்முடைய சீஷர்களைத் தனிமையான இடத்துக்கு அழைத்துப்போய் இளைப்பாறச் செய்தார் (மாற்கு 6:31). சபைக் கூட்டங்களுக்கு ஓடி ஓடி, வீட்டிலே பிள்ளையோடு ஜெபிக்க நேரமில்லாமல் போனால், அந்த ஓட்டத்தைச் சற்று நிறுத்திச் சிந்தியுங்கள்.

இறுதியாக, இன்று இரவு படுக்கைக்குப் போகுமுன் கைப்பேசியை எட்ட வைத்துவிட்டு, பத்து நிமிஷம் முழங்காற்படியிடுங்கள். உங்கள் பாரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கர்த்தருக்கு முன்பாக வையுங்கள். எது உங்களுடையது அல்லவோ, அதை அங்கேயே விட்டுவிடுங்கள். எது உங்களுடையதோ, அதற்கு நாளைக்கு வேண்டிய பெலனைக் கேளுங்கள். நாளைக்கு மட்டும் கேளுங்கள்.

திபேரியா கடலில் இரவெல்லாம் பிரயாசப்பட்டும் ஒன்றும் கிடைக்காத சீஷர்கள் விடியற்காலத்தில் கரைக்கு வந்தார்கள். அவர்கள் பிடித்த மீன்களைக் கொண்டுவருமுன்னே, கரையில் கரிநெருப்பும் அதன்மேல் மீனும் அப்பமும் ஆயத்தமாய் இருந்தன (யோவான் 21:9). வெறும் வலையோடு இரவைக் கழித்தவர்களுக்கு அவர் காலை ஆகாரம் சமைத்து வைத்திருந்தார். அதே ஆண்டவர் உங்களுக்காகவும் கரையில் காத்திருக்கிறார்.

என்னோடுகூட ஜெபியுங்கள்: "அன்புள்ள பரம பிதாவே, நான் ஓடிக் களைத்துப்போனேன். உமக்கு முன்னே ஓடினதை மன்னியும். என் பாவபாரத்தையும் நாளைய தினத்தின் பயத்தையும் உம்முடைய குமாரனின் சிலுவையண்டையில் இறக்கி வைக்கிறேன். நான் சுமக்கவேண்டியதை உம்மோடு சேர்ந்து சுமக்கக் கற்றுத்தாரும். போதும் என்று சொல்லும் இருதயத்தைத் தாரும். என் வீட்டாருக்கும் இளைப்பாறுதல் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறேன், பிதாவே. ஆமென்."